மாதம்மா போடாத கையெழுத்து

தலைமையாசிரியர் அவர்களே, கேடயம் வாங்கிய மேடையில் நீங்கள் சொன்னது பொய்.

"எங்கள் பள்ளியில் கூட்டுத் தலைமை நடக்கிறது, எல்லா முடிவையும் எல்லாரும் சேர்ந்துதான் எடுக்கிறோம்" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அதே வாரத்தில்தான் பத்தாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, "சொந்த விருப்பத்தின் பேரில் பள்ளியை விட்டு விலகுகிறோம்" என்று எழுதி வாங்கினீர்கள். இரண்டு பேரும் கணக்கில் தேறமாட்டார்கள் என்பது உங்கள் பயம். பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் இன்னும் போகவில்லை. அதற்குள் அந்த இரண்டு பெயரையும் திரும்பச் சேர்க்கலாம். சேர்க்கவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் பள்ளியிலேயே வேலை பார்க்கும் ஒரு டீச்சர், பள்ளி ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லித்தான் முதலில் என்னிடம் வந்தது. "கூட்டுத் தலைமைன்னு ஒரு கட்டுரை குடுங்க மேடம், நீங்க இருந்த காலத்துலதான் அது ஆரம்பிச்சுதாமே" என்றது. எழுதினால் நீங்கள் போடமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் ஆசிரியர் சங்க இதழுக்கு அனுப்புகிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை. பாப்பாரப்பட்டியிலிருந்து பஸ் ஏறுகிறவர்களுக்குத் தெரியும்.

நான் உடற்கல்வி ஆசிரியை. பயிற்சி முடித்தது, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்துக் கிடந்தது, இரண்டு ஊரில் வேலை பார்த்தது, இதையெல்லாம் எழுதிப் பயன் இல்லை. எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒரே கதைதான். மழை வந்தால் என் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வார்கள். பரீட்சை வந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். ஒன்றும் வராவிட்டாலும் எடுத்துக்கொள்வார்கள். ஆசிரியர் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால், "நீங்க பசங்கள வரிசையா நிக்க வைங்க மேடம், போதும்" என்பார்கள். அந்தக் கோபத்தோடுதான் இந்தப் பள்ளிக்கு வந்தேன். பிள்ளைகள் எனக்கு விசில் டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். அடிக்கிற கைக்கு அது நல்ல பெயர்தான்.

அப்போது மாதப்பன் சார் தலைமையாசிரியர். ஒல்லியான ஆள். மெதுவாகத்தான் பேசுவார். யாராவது கத்தினால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கத்துகிறவர் முடிக்கும்வரை துடைப்பார். நான் அந்தக் கண்ணாடியை எத்தனையோ முறை பளபளவென்று ஆக்கியிருக்கிறேன்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் ஒரு நீள நோட்டைக் காட்டினார். வெள்ளிக்கிழமை நோட்டு என்று அதற்குப் பெயர். முதல் பக்கத்தில் பன்னிரண்டு பெயர்கள் வரிசையாக இருந்தன. ஆசிரியர்கள் எட்டுப் பேர், எழுத்தர், வாட்ச்மேன், கூட்டிப் பெருக்கும் மாதம்மா, பிறகு அவர். வாரம் ஒருவர் தலைமை. அந்த வாரம் காலை வணக்கக் கூட்டம் நடத்துவது, தாமதமாக வருகிற பிள்ளையை விசாரிப்பது, சத்துணவைத் தின்று பார்ப்பது, வருகிற பெற்றோரிடம் பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. வெள்ளிக்கிழமை நாலரைக்குக் கூட்டம். ஆறாம் வகுப்பு அறையில் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் எல்லாரும் உட்காரவேண்டும். நாற்காலி ஒன்றுதான், அது வாரத் தலைமைக்கு.

மாதம்மா வாரம் வந்தபோது நான் நம்பவில்லை. கூட்டிப் பெருக்குகிறவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், எச்.எம். பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார். பல்வலி அவருக்கு. எழுந்து நின்று கேட்டார்.

"திங்கக்கிழமை மத்தியானம் லீவு வேணுங்க. தர்மபுரி போயி பல்லக் காட்டணும்."

மாதம்மா யோசித்தது. "திங்கக்கிழமைதானுங்களே புஸ்தகம் வர்றது? இறக்கிவச்சுட்டுப் போலாமுங்களா?"

"சரிங்க" என்று உட்கார்ந்தார். மேலிடத்துக்கு எழுதவேண்டிய விடுப்புக் கடிதம் தனி. ஆனால் எங்களிடம் கேட்காமல் அவர் ஒரு நாளும் போனதில்லை.

மாதம்மாவுக்குப் படிப்பு மூன்றாவதோடு சரி. நோட்டில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடும். கணக்கு வாத்தியார் நஞ்சுண்டன் சாருக்கு அது தாங்காது. அவர் மாரண்டஹள்ளிக்காரர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். பாலக்கோடு போகும் ஐந்தே முக்கால் பஸ்ஸை விட்டால் அவருக்கு வேறு வழி இல்லை. "ஆயிது, ஆயிது, சீக்கிரம் போடுங்கம்மா" என்று வாசலில் நின்று குதிப்பார். ஆயிது என்றால் ஆயிற்று. ஒன்றும் ஆகியிருக்காது, ஆனாலும் ஆயிது என்பார்.

"பஸ்ஸு போனா இன்னொண்ணு வருமுங்க சார். எழுத்து ஓடாதுங்க, இருங்க" என்று மாதம்மா விரலை வரிக்கு வரி நகர்த்தும். பெஞ்சு முழுக்கச் சிரிப்போம். கல்லக்காய் என்கிற வறுத்த வேர்க்கடலையும் பொரியும் காகிதத்தில் நடுவில் கிடக்கும். அந்த நாலரை மணி வெயில் இப்போதும் எனக்குப் பிடிக்கும். இருபத்தேழு வருட வேலையில் நான் பேசியதை யாராவது எழுதிவைத்தது அந்த நோட்டில் மட்டும்தான். என் விளையாட்டுப் பீரியடை யாரும் தொடக்கூடாது என்று முடிவு எழுதியதும் அதில்தான். நஞ்சுண்டன் சார் முகத்தைச் சுளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நோட்டுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. வாரத் தலைமை முதலில் கையெழுத்துப் போடும். பிறகு ஒவ்வொருவராக நீல மையில் போடவேண்டும். பதினொரு பேரும் போட்ட பிறகுதான் கடைசியாக மாதப்பன் சார் பச்சை மையில் போடுவார். தான் முதலில் போட்டால் மற்றவர்கள் யோசிக்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஒருவர் போடாவிட்டாலும் அது முடிவாகாது, அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

அந்த ஒழுங்கை வைத்துக்கொண்டு நாங்கள் செய்த தப்பை இப்போது சொல்கிறேன். செய்தவர்களில் நான்தான் முதல் ஆள்.

அந்த வருடம் எங்கள் பள்ளி பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் நூற்றுக்கு நூறு வாங்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்த அரசுப் பள்ளியும் வாங்கியதில்லை. நோட்டு எங்களை எங்கேயோ கொண்டுபோயிருந்தது. தலைமை என்று ஒருவர் சொல்லிச் செய்கிற வேலையாக இல்லாததால், கோடை விடுமுறையில்கூட டீச்சர்கள் வந்து பாடம் எடுத்தார்கள். பத்தாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். காலாண்டுத் தேர்வில் முப்பது பேர் எப்படியோ கரையேறிவிடுவார்கள் என்று தெரிந்தது. கோகிலா மட்டும் கணக்கில் எட்டு மதிப்பெண். அவள் அனுமதியோடுதான் பெயரை எழுதுகிறேன். அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். தம்பிக்குச் சோறாக்க அவளும் கூடப் போய்விடுவாள். ஒரு மாதம் வருவாள், ஒரு மாதம் வரமாட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை என் வாரம். நாற்காலியில் நான்.

நஞ்சுண்டன் சார்தான் ஆரம்பித்தார். "ஒரே ஒரு புள்ளைங்க. டி.சி. வாங்கிக்கச் சொல்லுங்க. அடுத்த வருசம் தனியா எழுதட்டும். நம்ம முப்பது பேரு பாடுபட்டது வீணாப் போகணுமா?"

இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் பெரிய வாய்க்காரி, நானும் சொல்லவில்லை. எனக்கும் நூறு வேண்டியிருந்தது. கோகிலா என் கோ-கோ அணியில் இருந்தவள். ஒன்பது பேரில் வேகமாக ஓடுகிறவள். அதை நினைத்துக்கொண்டேதான் முதல் கையெழுத்தைப் போட்டேன். எனக்குள் ஒரு சமாதானம் இருந்தது: கடைசியில் மாதப்பன் சார் பச்சை மையில் போடவேண்டுமே, அவர் போடமாட்டார், அவர் பார்த்துக்கொள்வார். பிற்பாடு கேட்டபோது மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

மாதப்பன் சார் நோட்டை வெகுநேரம் பார்த்தார். யாரும் கத்தாமலே கண்ணாடியைத் துடைத்தார். "எல்லாரும் யோசிச்சுத்தான் போட்டீங்களா?" என்றார். "ஆமாங்க சார்" என்றோம். இத்தனை பேர் சேர்ந்து எடுத்ததைத் தான் ஒருவன் தடுத்தால் இந்த நோட்டுக்கே அர்த்தம் இல்லை என்று அவர் நினைத்திருக்கிறார். நாங்கள் அவரை நம்பிப் போட்டோம், அவர் எங்களை நம்பிப் போட்டார். நடுவில் அந்தப் பெண் விழுந்தாள்.

இன்னொன்றும் நடந்தது. மாதம்மா அப்போது அறையில் இல்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்று மோட்டாரை நிறுத்தப் போயிருந்தது. பஸ் சத்தம் கேட்டு நஞ்சுண்டன் சார் பையைத் தூக்கிவிட்டார். "மாதம்மா அப்பறம் வந்து போட்டுக்குவாங்க" என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்ன, நான்தான் சொன்னேன். மாதம்மாவின் வரியைக் காலியாக விட்டுவிட்டு, அதற்கு அடியில் பச்சை மை விழுந்தது. அதற்கு முன்னால் ஒரு முறைகூட அப்படி நடந்ததில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் கோகிலா வீட்டுக்குக் கிளம்பினேன். பையில் பெற்றோருக்கான கடிதமும் வெள்ளிக்கிழமை நோட்டும். கோகிலா இருந்தது மாதம்மா ஊர், அதனால் மாதம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டேன். போகிற வழியில் வரப்போரம் ஒரு வேப்பமரத்தடியில் நின்று, நோட்டை எடுத்து நீட்டினேன்.

"வெள்ளிக்கிழமை ஒரு கையெழுத்து வுட்டுப்போச்சு மாதம்மா. இங்க போட்டுருங்க."

மாதம்மா பேனாவை வாங்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு நோட்டை வாங்கியது. விரல் வைத்துப் படித்தது. நான் வெயிலில் நின்றேன். பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது.

"இது நம்ம கோகிலாவுங்களா?"

"ஆமா."

"பள்ளிக்கொடத்த வுட்டு அனுப்பறதுங்களா?"

"அனுப்பறது இல்ல, அடுத்த வருசம் தனியா எழுதிக்கட்டும்னு..."

"எனக்கு இது புடிக்கலிங்க டீச்சர்." நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பதினோரு பேரு போட்டாச்சு மாதம்மா. எச்.எம்.மே போட்டுட்டாரு. நீங்க ஒருத்தர் போடலன்னா என்னா ஆவப்போவுது?"

"ஒண்ணும் ஆவாதுன்னா எம் பேர எதுக்குங்க அந்த நோட்டுல எழுதி வச்சிருக்கீங்க?" என்றது மாதம்மா. கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டது. "நான் கூட்டறதுக்கு இருக்கறன், போடறதுக்கு இல்லன்னு சொல்லிருங்க டீச்சர். நாளைலருந்து அந்த நாக்காலில உக்கார மாட்டன்."

நோட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரும் சமம் என்று பேசிவிட்டு, தண்ணீர் மோட்டாரை நிறுத்தப் போனவளின் கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். மற்றப் பள்ளிகளில் என்னை எதற்குக் கோபப்பட வைத்தார்களோ, அதையே நான் மாதம்மாவுக்குச் செய்திருந்தேன்.

கோகிலா வீட்டு வாசலில் கல்லக்காய்க் கொடி குவிந்துகிடந்தது. அவளும் தம்பியும் உட்கார்ந்து காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். லீவு போட்டதற்கு அடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு வந்துருவன் டீச்சர். இந்தக் கொடி ஒண்ணுதான். டீச்சர், பரிச்சைக்கு எம் பேரு குடுத்துட்டீங்களா? தேதி முடிஞ்சிருமாமே?"

மாதம்மா என்னைப் பார்த்தது. வேறு எங்கேயும் பார்க்கவில்லை.

"குடுப்போம்" என்றேன். "நாளைக்கு நீ வரலன்னா முட்டிய ஒடச்சிருவன்." கடிதத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அன்று சாயந்திரமே கூட்டம் கூட்டச் சொன்னேன். மாதப்பன் சாரிடம் நோட்டைத் திறந்து காலி வரியைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். பிறகு பேனாவை எடுத்துத் தன் பச்சைக் கையெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எழுதினார்: "இந்த முடிவை நிறுத்தியவர் மாதம்மாள். நான் நிறுத்தவில்லை." தேதி போட்டு, எல்லாருக்கும் படித்துக் காட்டினார்.

நஞ்சுண்டன் சார் விடவில்லை. "ரிசல்ட்டு போச்சுன்னா டி.இ.ஓ. யாரக் கேப்பாரு? என்னத்தான கேப்பாரு? மாதம்மாவையா கேப்பாரு?" என்று கத்தினார். அவர் பயமும் நியாயம்தான். கணக்கில் ஒரு பிள்ளை போனால் கணக்கு வாத்தியாரைத்தான் நிற்கவைத்துக் கேட்பார்கள்.

"கேட்டா எல்லாரும் வந்து நிக்கறோமுங்க சார்" என்றது மாதம்மா.

நோட்டு வரிசைப்படி எனக்கு அடுத்த வாரம் மாதம்மாவுடையது. நாற்காலியில் உட்கார்ந்து வேலையைப் பிரித்துக் கொடுத்தது. பி.டி. டீச்சரான நான் காலையில் கோகிலாவை வீட்டிலிருந்து கூட்டிவரவேண்டும். கணக்கு சாருக்குக் காலையில் பஸ்விட்டு இறங்கியதும் முக்கால் மணி நேரம். அப்பாவிடம் பேச எழுத்தர் போகவேண்டும், அவருக்கு அந்த ஆளைத் தெரியும். அவளுடைய தம்பிக்கு மத்தியானம் பள்ளிச் சத்துணவில் சோறு. கடைசியாக எச்.எம். பக்கம் திரும்பியது. "சார், உங்களுக்கு என்னா வேலைங்க குடுக்கறது?"

"நீங்களே சொல்லுங்க."

"சாப்பாட்டு நேரத்துல வாய்ப்பாடு கேளுங்க."

மார்ச் வரை கேட்டார். அவர் அறையில் ஒரு பக்கம் டிபன் பாக்ஸ், ஒரு பக்கம் கோகிலா. "ஏழெட்டு?" என்பார். அவள் தப்பாகச் சொன்னால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி கேட்பார்.

நோட்டிலும் ஒரு மாற்றம் வந்தது. வெறும் கையெழுத்து செல்லாது. போடுகிறவர் ஏன் போடுகிறேன் என்று தன் எழுத்தில் ஒரு வரி எழுதவேண்டும். மாதம்மா எழுதிய வரிகளைத்தான் நான் இப்போதும் நினைத்துக்கொள்வேன். கழிவறைக் கதவு பற்றிய முடிவுக்கு, "தாழ்பால் இல்லாம புள்ளைங்க போவ மாட்டேங்குது" என்று எழுதியிருந்தது. இதைவிடத் தெளிவாக எந்த அதிகாரியும் எழுதி நான் படித்ததில்லை.

கோகிலா கணக்கில் தேறவில்லை. தேற முப்பத்தைந்து வேண்டும், வாங்கியது முப்பத்தொன்று. எங்கள் நூறு போயிற்று.

தர்மபுரியில் ஆய்வுக் கூட்டம். எங்கள் முறைப்படி எச்.எம்.மோடு வாரத் தலைமையும் போகவேண்டும். அந்த வாரம் நஞ்சுண்டன் சார். போகமாட்டார் என்று நினைத்தேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். நானும் போனேன், மாதம்மாவும் வந்தது. அதிகாரி கேட்டார், "அந்த ஒரு பொண்ண ஏன் வச்சிருந்தீங்க? யாரு முடிவு இது?"

மாதப்பன் சார் எழுந்திருக்கும் முன்னால் நஞ்சுண்டன் சார் எழுந்தார். "எங்க எல்லார் முடிவுங்க. எம் பாடத்துலதான் போச்சு. ஜூன்ல எழுதறா. பாஸ் பண்ணுவா" என்றார். நன்றாகத் திட்டு விழுந்தது. திரும்பும்போது பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டே, "ஆயிது" என்றார் நஞ்சுண்டன் சார். அன்றைக்குத்தான் உண்மையாகவே ஆகியிருந்தது. அத்தனை சிரிப்பு சிரித்தோம்.

ஜூன் துணைத்தேர்வில் கோகிலா தேறினாள். மாதப்பன் சார் இப்போது இல்லை. மாதம்மா ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறது. நஞ்சுண்டன் சார் மாரண்டஹள்ளியில் தக்காளி போடுகிறார். எப்போதாவது போன் பேசுவார். கோகிலாவின் மகன் அதே பள்ளியில் ஏழாவது படிக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோர் அவளைத்தான் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தலைமையாசிரியர் அவர்களே, உங்கள் கூட்டத்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறாளே, அவள்தான் எட்டு மதிப்பெண் கோகிலா. இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. நோட்டைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். அது பழைய பதிவேட்டு அலமாரியில், கீழ்த் தட்டில் இருக்கிறது.

போன வாரம் அவள்தான் எனக்குப் போன் செய்தாள். "டீச்சர், ரெண்டு புள்ளைங்கள வேணாம்னு சொல்லிட்டாங்க டீச்சர். தீர்மானத்துல எல்லா வாத்தியாருங்க கையெழுத்தும் இருக்குது. எனக்கு மட்டும் காட்டல. 'நீங்க அப்பறம் போட்டுக்கலாம்'னாரு எச்.எம்." என்றாள்.

 அது என் வார்த்தை.

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த டீச்சரிடம் கேட்டேன், "நீ போட்டியா?"

"சுற்றறிக்கை வந்துச்சு மேடம். எல்லாரும் போட்டிருந்தாங்க..."

"படிச்சியா?"

தலையைக் குனிந்துகொண்டது. நான் திட்டவில்லை. திட்டுகிற தகுதி எனக்கு இல்லை.

தலைமையாசிரியர் அவர்களே, உங்களிடம் கையெழுத்துகள் இருக்கின்றன. கையெழுத்து வாங்குவது கூட்டுத் தலைமை என்றால் நாங்களும் அன்றைக்கு அதைத்தான் செய்தோம். பதினொரு கையெழுத்து வைத்திருந்தோம். வரப்போரத்தில் ஒருத்தி நின்று விரல் வைத்துப் படித்ததால்தான் தப்பித்தோம்.

வருகிற வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். கோகிலா தலைமை. நானும் வருகிறேன், நஞ்சுண்டன் சாரும் வருகிறார். மாதம்மாவை ஆட்டோ வைத்துக் கூட்டிவருகிறோம். அந்தத் தீர்மானத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். பெற்றோர் எல்லாரும் கேட்க அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சத்தமாகப் படியுங்கள். அவர்களை வேண்டாம் என்று முதலில் சொன்னது யார், கையெழுத்துப் போட்டவர்களில் படித்துவிட்டுப் போட்டவர்கள் எத்தனை பேர், தலைவிக்கு ஏன் காட்டவில்லை, இந்த மூன்றுக்கும் அங்கேயே பதில் சொல்லுங்கள். சொன்ன பிறகு பேனாவைக் கோகிலாவிடம் கொடுங்கள். அவள் போடுகிறாளா என்று பார்ப்போம்.